மர்மக் கதையின் முதல் வரி பிடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடியுங்கள்

கதையை யாரிடமாவது படிக்கக் கொடுத்தால், "நடுவுல நல்லா இருக்கு, ஆரம்பம்தான் ஏதோ மாதிரி" என்று சொல்வார்கள். அந்த "ஏதோ மாதிரி" என்னவென்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. இந்தப் பதிலை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வரியை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவேன், புதிய வரியிலும் அதே பழுது இருக்கும். பிறகுதான் புரிந்தது, முதல் வரி கெட்டுப்போவதற்கு ஒரே காரணம் கிடையாது, ஏழெட்டு காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

அதனால் முதலில் ஒரு சோதனை. முதல் வரியை மட்டும் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். கதை என்ன, யார் செத்தது, எங்கே நடக்கிறது, எதையும் விளக்க வேண்டாம். எதிரில் இருப்பவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தையைக் கவனியுங்கள். "ஏன்?" என்றோ "அது எப்படி?" என்றோ கேட்டால் வரி வேலை செய்கிறது, அதைத் தொடாதீர்கள். வேறு ஏதாவது சொன்னால் கீழே அதற்கான இடத்துக்குப் போங்கள்.

"சரி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறார்

ரொம்பப் பரவலான கோளாறு இதுதான். உங்கள் வரி ஒரு தகவலைச் சொன்னது, அவர் வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரும்பாலும் வரி இப்படி இருக்கும்:

"இரவு பத்து மணி இருக்கும், மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது."

1830-ல் ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் புல்வர் லிட்டன் ஒரு நாவலை இருட்டும் புயலுமான இரவில் தொடங்கினார். அந்தத் தொடக்கம் பிற்பாடு எவ்வளவு கேலிக்கு ஆளானது என்றால், 1982-ல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே, மோசமான முதல் வரியை வேண்டுமென்றே எழுதுகிற போட்டி ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மழைமேல் தப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். மழை சும்மா பெய்கிறது, அதுதான் தப்பு. அதைச் சாட்சியாக்குங்கள்:

"ராத்திரி முழுக்க விடாத மழை, ஆனால் வெளியே போய்விட்டு வந்ததாகச் சொன்னவரின் குடை காய்ந்திருந்தது."

அதே மழைதான். இப்போது அது ஒருவர் பொய் சொல்கிறார் என்று சாட்சி சொல்கிறது. நேரத்துக்கும் இதே வைத்தியம். பத்து மணி என்பதால் யாருக்காவது சிக்கல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

பிணம் இருக்கிறது, ஆனாலும் "சரி"தான் வருகிறது

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முதல் வரியிலேயே கொலை நடந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். "பிரபல தொழிலதிபர் தன் வீட்டு நூலக அறையில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார்." இது செய்தித்தாளில் தினமும் வருகிற வரி. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். சாவு வருத்தம் தரும், பயம் தரும், ஆனால் அது மட்டுமே மர்மம் ஆகிவிடாது. இருக்கிறவற்றில் ஒன்று மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்க வேண்டும், மர்மம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். விசாரிக்கப் போகிறவர் அந்த அறைக்குள் காலை வைத்ததும் கண்ணில் படுகிற பத்துப் பொருள்களை ஒரு தாளில் எழுதுவேன். விளக்கு எரிகிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. மேசையில் விரித்தபடி ஒரு புத்தகம். நாற்காலி பின்னால் தள்ளியிருக்கிறது. தரைவிரிப்பில் ரத்தம். இறந்தவர் மூக்குக்கண்ணாடியோடு கிடக்கிறார். இப்படியே பத்து. அப்புறம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். ராத்திரியில் படித்துக்கொண்டிருந்தவர் அறையில் விளக்கு எரிவது இயல்பு, அடி. புத்தகம் விரிந்திருப்பது இயல்பு, அடி. நாற்காலி, அவர் பதறி எழுந்திருக்கிறார், அடி. கண்ணாடிக்கு வரும்போது கை நிற்கும். படிப்பவர் கண்ணாடி போட்டிருப்பது இயல்புதான். ஆனால் அது அவருடையதுதானா?

"இறந்து கிடந்தவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி அவருடையது இல்லை."

இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், "அப்ப யாருது?" என்று கட்டாயம் வரும். தொழிலதிபர், பிரபலம், நூலகம், கத்தி எல்லாம் போய்விட்டன, யாரும் அவற்றைத் தேடவில்லை. பத்தையும் அடித்துவிட்டீர்கள், எதுவும் மிஞ்சவில்லை என்றால் பழுது முதல் வரியில் இல்லை, கதையிலேயே ஒட்டாத பொருள் எதுவும் கிடையாது. அதைச் சரிசெய்யாமல் வரியை எவ்வளவு மெருகேற்றினாலும் பலன் இல்லை.

"என்னது? இன்னொரு தடவை படிங்க"

கேள்வி வரவில்லை, குழப்பம் வந்திருக்கிறது. இரண்டும் வேறு. ஒரே வரியில் மூன்று பெயர், இரண்டு உறவு, ஒரு பழைய சம்பவம் எல்லாவற்றையும் அடைத்திருப்பீர்கள். தமிழில் எச்சங்களைக் கோத்துக் கோத்து வாக்கியத்தை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்க முடியும் என்பதால் இந்தக் கோளாறு நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. "பத்து வருடத்துக்கு முன்னால் காணாமல் போய், பிறகு இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட தன் பெரியப்பா மகனின் கையெழுத்தில் வந்திருந்த கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, அவள் தன் கணவனின் நண்பனுக்கு போன் செய்தாள்." இதில் நல்ல வரி ஒன்று புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுங்கள்: "செத்துப்போன அண்ணனிடமிருந்து நேற்றுத் தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது." பெரியப்பா மகன், பத்து வருடம், கணவனின் நண்பன் எல்லாம் அடுத்த பத்திக்குப் போகட்டும். அங்கே அவர்களுக்கு உட்கார இடம் இருக்கிறது. முதல் வரிக்கு ஒரு ஆள், ஒட்டாத விஷயம் ஒன்று, அது போதும்.

ஆரம்பத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவர், வரி முடிவதற்குள் சாய்ந்துவிடுகிறார்

இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு, ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது, வாசகரின் மனசும் அங்கேதான் போய் நிற்கிறது. அங்கே நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

"பிணத்தை வைத்துப் பூட்டியிருந்த அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டதாக அவர் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்."

என்ன ஒரு விஷயம், ஆனால் வாக்கியம் முடிவது "சொல்லிக்கொண்டிருந்தார்" என்பதில். நடுவில் கதவு தட்டியது, கடைசியில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். "தெரிந்தது", "கேட்டதாகச் சொன்னான்", "என்பதை உணர்ந்தாள்", "என்று நினைத்துக்கொண்டான்" என்று முடிகிற முதல் வரிகளை எல்லாம் சந்தேகத்தோடு பாருங்கள். வாலை வெட்டுங்கள்:

"பிணத்தை வைத்துப் பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்."

வினையைக் கடைசியில் வைக்காமலும் முடிக்கலாம். "நான்தான் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தேன்" என்பதற்கும் "அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நான்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். முதலாவதில் ஆளை முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. இரண்டாவதில் அந்த "நான்" வருகிறவரைக்கும் காத்திருக்கிறோம், வந்ததும் வரி மூடிக்கொள்கிறது. பேச்சில் நாம் தன்னால் செய்கிற மாற்றம்தான் இது, எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

தட்டையாக இருக்கிறது, சந்தேகமே வரவில்லை

விஷயம் நல்ல விஷயம், நீளமும் சரி, முடிவும் சரி. ஆனாலும் சப்பென்று இருக்கிறது. அப்படியானால் வினையின் விகுதியைப் பாருங்கள். துப்பறியும் கதைக்கென்றே செய்து வைத்ததுபோல் மூன்று வடிவங்கள் நம்மிடம் இருக்கின்றன.

"அவர் மாடிப்படியில் விழுந்தார்." சொல்கிறவருக்கு இதில் சந்தேகமே இல்லை, நடந்ததை நேரில் பார்த்த குரல்.

"அவர் மாடிப்படியில் விழுந்திருக்கிறார்." பார்க்கவில்லை. உடைந்த கைப்பிடியையோ, ஒரு படியில் தனியாகக் கிடந்த செருப்பையோ பார்த்து முடிவுக்கு வருகிறார். தரை ஈரமாக இருந்தால் "மழை பெய்திருக்கு" என்று சொல்வோமே, அதே ஊகம். விசாரணை அதிகாரி பேசுகிற வினை.

"அவர் மாடிப்படியில் விழுந்தாராம்." யாரோ சொன்னார்கள். சொன்னவரை நான் முழுசாக நம்பவில்லை என்பதும் அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது.

யாருக்கு எப்படித் தெரியும் என்பதைச் சுற்றித்தான் மர்மக் கதை முழுக்க ஓடுகிறது. அந்த வேலையை விகுதி ஒன்றே முதல் வரியில் செய்துவிடுகிறது என்றால் அதை விடலாமா? "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு ஏனோ சந்தேகமாக இருந்தது" என்று நீட்டி விளக்கினால் வாசகருக்கு வர வேண்டிய சந்தேகத்தை நீங்களே பட்டு முடித்துவிடுகிறீர்கள். இதையே இன்னும் ஒரு படி தள்ளிப் பாருங்கள்:

"அவர் மாடியிலிருந்து விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேனாம்."

நான் நின்றதை இன்னொருவர் எனக்குச் சொல்கிறார். எனக்கு நினைவில்லையா? நினைவு இருந்தும் மறைக்கிறேனா? சொன்னவர் பொய் சொல்கிறாரா? ஒரு "ஆம்"தான் இத்தனையும் கேட்க வைக்கிறது.

இடைச்சொற்களும் இப்படித்தான். "அந்த அறையின் சாவி என்னிடம் இருந்தது" என்பது தகவல். "என்னிடம்தான் இருந்தது" என்றால் மாட்டிக்கொண்டவரின் குரல். "என்னிடமும் இருந்தது" என்றால் இன்னொரு சாவி உலாவுகிறது. அப்புறம் "நாங்கள் ஐந்து பேரும் பொய் சொன்னோம்" என்பதை "நாம் ஐந்து பேரும் பொய் சொன்னோம்" என்று மாற்றிப் பாருங்கள், கேட்டுக்கொண்டிருப்பவரும் அந்த ஐவரில் ஒருவராகிவிடுகிறார். இப்படி ஒரு சின்ன மாற்றத்துக்காக அரை மணி நேரம் செலவழித்தாலும் அது வீண் இல்லை.

முதல் வரியிலேயே ஆள் பிடிபட்டுவிடுகிறார்

"நிழல் போல ஓர் உருவம் சுவரேறிக் குதித்தான்." போச்சு. கொலை செய்தது பெண் என்பதுதான் உங்கள் கதையின் முடிச்சு என்றால் இங்கே வாசகரிடம் பொய் சொல்லிவிட்டீர்கள். ஆண்தான் என்றால் சந்தேகப் பட்டியலில் பாதிப் பேரைக் கழித்துக் கொடுத்துவிட்டீர்கள். தவிர, உருவம் என்றால் "குதித்தது" என்றுதான் முடிய வேண்டும்.

ஆன், ஆள், ஆர், அது என்று வினையிலேயே ஆளைச் சொல்லிவிடுகிற மொழி நம்முடையது, அதனால் மறைப்பதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும். "யாரோ குதித்தார்கள்" என்று பன்மையில் வைக்கலாம். "குதித்த ஆள்", "குதித்த கால்கள்" என்று பெயரெச்சத்தில் ஒளிக்கலாம். செய்தவரை விட்டுவிட்டுத் தடயத்தை மட்டும் சொல்லலாம்: "சுவரின் உட்பக்கம் மட்டும் செம்மண் ஒட்டியிருந்தது." எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வழி, ஏனென்றால் இதில் மறைப்பதே தெரியாது. தன்மையில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. "நான் செய்தேன்" என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, அந்த நான் யார் என்பதைக் கடைசிப் பக்கம்வரை வைத்திருக்க முடியும்.

"ஆர்" விகுதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இரு பாலுக்கும் பொருந்தும் என்பதால் மறைக்க வசதிதான். ஆனால் எல்லோரையும் அவர், இவர் என்று எழுதிவிட்டு ஒருவரை மட்டும் "வந்தான்" என்று எழுதினால், நீங்கள் அந்த ஆளை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். மரியாதையை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுங்கள், அல்லது கதை சொல்கிறவரின் குணத்தைக் காட்டுவதற்காகத் தெரிந்தே மாற்றுங்கள்.

தெரிந்தே குற்றவாளியைச் சொல்லித் தொடங்குவது வேறு விஷயம், அது பழுது இல்லை. 1912-லேயே ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃப்ரீமன் குற்றத்தை முதலில் காட்டிவிட்டு, அது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதையே கதையாக்கினார். ரூத் ரெண்டல் 1977-ல் வந்த நாவல் ஒன்றின் முதல் வாக்கியத்திலேயே யார் கொன்றது, யாரைக் கொன்றது, எதற்காக என்பதை எல்லாம் சொல்லிவிட்டார். அந்தக் காரணம், கொன்றவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது. கேள்வி தீர்ந்துபோகவில்லை பாருங்கள், "அதற்காகவா ஒருத்தி கொலை செய்வாள்?" என்று இன்னும் பெரிதாகிவிட்டது. யார் என்பதைக் கொடுத்தால் ஏன், எப்படி என்பவற்றில் ஒன்றாவது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர் முகம் சுளிக்கிறார்

"ஐந்து நாளாக விறைத்துக் கிடந்த பிணம்" என்று எழுதினால் மருத்துவம் தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். மரண விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பிக்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். ஒன்றரை, இரண்டு நாளில் பொதுவாகத் தளர்ந்துவிடும், வெப்பம் அதிகமென்றால் எல்லாமே சீக்கிரம் நடக்கும். உறைந்து காய்ந்த ரத்தம் பளீர் சிவப்பாக இருக்காது, பழுப்பேறிக் கறுத்துவிடும். குளோரோஃபார்ம் துணியை மூக்கில் வைத்த மறுநொடியே யாரும் மயங்கி விழ மாட்டார்கள், அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும்.

இதைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, சரியான விவரமே சில சமயம் முதல் வரியாகிவிடும். இதயம் நின்ற பிறகு ரத்தம் உடம்பின் அடிப்பக்கமாக இறங்கித் தோலில் நீலச் சிவப்பாகத் தெரியும், சில மணி நேரத்தில் அந்தக் கறை அங்கேயே நிலைத்துவிடும். அப்படியானால்: "குப்புறக் கிடந்தவரின் முதுகெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது." செத்தபிறகு யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது விவரம் தெரிந்தவருக்கு உடனே புரியும், தெரியாதவருக்கு மூன்றாம் பக்கத்தில் புரியும். இரண்டு பேருக்கும் அந்த வரி வேலை செய்யும்.

முதல் வரிக்கு "அட!", இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டார்

வரி வாக்குக் கொடுத்தது, கதை காப்பாற்றவில்லை. பிணம் எழுந்து உட்கார்ந்தது என்று தொடங்கிவிட்டு, அப்புறம் அவன் திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு என்று சொன்னால் அந்த வாசகர் உங்களுடைய அடுத்த வரியை நம்ப மாட்டார். மர்மக் கதையில் அந்த நம்பிக்கை போனால் திரும்ப வாங்குவது கஷ்டம். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் துப்பறியும் கதைக்கு எழுதிய பத்து விதிகளில் முதல் விதியே குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியில் எங்காவது தலைகாட்டியிருக்க வேண்டும் என்பதுதான். முதல் வரியின் கேள்விக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன், அது கதையின் மையக் கேள்வியின் ஒரு நுனியாக இருக்க வேண்டும். சோதனை சுலபம். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு உடனே முதல் வரியைப் படியுங்கள். முதல் தடவை புரிந்ததைவிட அதிகமாக இப்போது புரிகிறதா? கண்ணாடி யாருடையது என்பது கடைசிவரை சொல்லப்படாமலே கதை முடிந்துவிட்டால் அந்தக் கண்ணாடிக்கு முதல் வரியில் இடமில்லை.

எல்லாம் சரி, ஆனால் படிக்கும்போது கத்துகிற மாதிரி இருக்கிறது

ஆச்சரியக்குறிகளை எடுங்கள். மூன்று புள்ளிகளை எடுங்கள். "திடீரென்று", "பயங்கரமான", "மர்மமான" என்கிற மூன்றையும் எடுங்கள். எடுத்தபிறகு வரி காலியாகிவிட்டது என்றால் பிணத்தைப் பற்றிச் சொன்ன அந்தப் பத்துப் பொருள் வேலைக்குத் திரும்பிப் போங்கள்.

வரியே வரவில்லை

வர வேண்டாம், விடுங்கள். எதையாவது எழுதி வைத்துவிட்டுக் கதையை முடியுங்கள். முதல் வரியை முதலில் எழுத வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, கதை முடியாமல் அந்த வரி எதை மறைக்க வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாது. முடித்தபிறகு இரண்டாம், மூன்றாம் பத்திகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் நாம் வீட்டைக் காட்டுகிறோம், ஆட்களை அறிமுகப்படுத்துகிறோம், மெதுவாகச் சூடு பிடிக்கிறோம், அதனால் நல்ல வரி பெரும்பாலும் அங்கேதான் போய் ஒளிந்திருக்கும்.

போன கதையில் எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் இரண்டு பத்தியும் பெரிய வீடு, எத்தனை அறை, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது. மூன்றாம் பத்தியின் நடுவில், நான் கவனிக்காமலே எழுதிவிட்டுப் போயிருந்த ஒரு வரி: "வீட்டில் இருந்த ஏழு பேரில் எட்டுப் பேர் அன்றிரவு வாக்குமூலம் கொடுத்தோம்." அதைத் தூக்கி மேலே வைத்தேன். முன்னால் இருந்த இரண்டு பத்தியும் தேவைப்படவில்லை, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பதை மட்டும் விசாரணை நடக்கிற நாலாம் அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டேன்.